டிரைவர் வீட்டுத் தக்காளிச் செடிகள்

கல்யாணமாகி நான் செவிலிமேட்டுக்கு வந்தபோது அந்தப் பக்கம் வீடுகள் குறைவு. பாலாற்றுக்குப் போகிற வழியில் ஓர் ஓட்டு வீட்டின் பாதியை என் கணவர் வாடகைக்கு எடுத்திருந்தார். மறுபாதியில் ஒரு நெசவுக் குடும்பம். பின்பக்கம் காலி இடம் தாராளமாக இருந்தது, ஆனால் எல்லாம் மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் வளர்ந்த எனக்கு அதை மண் என்று சொல்லவே மனம் வரவில்லை.

அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் வழியாகச் சித்தூர் போகிற வண்டி. இன்று போனால் நாளை மதியம்தான் வீடு திரும்புவார். புதுப் பெண்டாட்டிக்குப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று என் தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் முதல் தடவை தோள் துண்டில் முடிந்து கொண்டுவந்தது நாலு தக்காளி.

"இன்னாங்க இது, ஆப்பிளாட்டம் இருக்குது?" என்றேன்.

"பெங்களூர் தக்காளி. வேலூர் மார்க்கெட்ல லாரியில இருந்து எறக்கிக்கினு இருந்தாங்க. வழவழன்னு இருந்துது, உனக்குக் காட்டலாம்னு வாங்கியாந்தேன்."

அதுவரை எனக்குத் தெரிந்த தக்காளி நாட்டுத் தக்காளி ஒன்றுதான். தட்டையாக, பரங்கிக்காய் மாதிரி மடிப்பு மடிப்பாக, தொட்டால் கசிகிற மெல்லிய தோலோடு இருக்கும். ஒன்றைப் பிழிந்தால் ஒரு சட்டி ரசத்துக்குப் புளிப்பு போதும். இந்தப் பெங்களூர்ப் பழமோ கத்தி வைத்தால் உள்ளே சதையாக இருந்தது. சாறு இல்லை, விதையும் குறைவு. ரசம் வைத்தேன். வெந்நீரில் மிளகு போட்டது போல இருந்தது. அவர் முழுக்கக் குடித்துவிட்டு, "வெங்காயம் போட்டு வதக்கிப் பாரு" என்றார். மறுநாள் தொக்கு செய்தேன். அதற்குத்தான் பிறந்தது அந்தப் பழம் என்று புரிந்தது. மிச்சமிருந்த ஒன்றின் விதையைச் சாம்பலில் பிசறிக் காயவைத்தேன்.

எங்கள் தோட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஏரி வண்டலும் மாட்டெருவும் கொண்டுவந்து மணலில் கலந்தோம். பெங்களூர் விதை ஒரு பாத்தி, என் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த நாட்டு விதை ஒரு பாத்தி. செடி முழங்கால் உயரம் வந்ததும் காற்றுக்குச் சாய ஆரம்பித்தது. மணலுக்குப் பிடிப்பு ஏது? நான் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மறுபாதி வீட்டு அக்கா, நெசவாளரின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்:

"செடியத் தரையில படுக்க வச்சிக்கினு பாத்துக்கினு நின்னா எழுந்துக்குமா? குச்சி நட்டுக் கட்டும்மா."

"கயிறு அறுக்குதுக்கா. தண்டு வெட்டுப்பட்டுப் போவுது."

அக்கா உள்ளே போய் ஒரு கொத்துக் கழிவு நூல் கொண்டுவந்தார். தறியில் அறுந்து விழுகிற பட்டு நூல். அரக்கு, மயில்கழுத்து, எலுமிச்சை மஞ்சள் என்று எல்லா நிறமும் கலந்து கிடந்தது. "சும்மா பெருக்கி வீசறதுதான். இதால கட்டு, தண்டு நோவாது" என்றார். அது உண்மைதான். மிருதுவாகவும் இருந்தது, மழையில் இற்றுப் போகவும் இல்லை. கட்டிக்கொண்டே வரும்போது எனக்கு ஒரு யோசனை. பெங்களூருக்கு அரக்கு, நாட்டுக்கு மயில்கழுத்து என்று பிரித்துக் கட்டினேன். பழம் வருவதற்கு முன்னால் எது எந்தச் செடி என்று குழம்ப வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு என் கணவருக்கு இது ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் தக்காளி விசாரிப்பார். சித்தூர்ச் சந்தையிலிருந்து முட்டை வடிவத்தில் தோல் தடித்த ஒன்று வந்தது. ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் அழுகாது, ஆனால் வேக நேரம் பிடிக்கும். ராணிப்பேட்டையில் ஏறின ஒரு விவசாய அதிகாரி 'பூசா ரூபி' என்று ஒரு பொட்டலம் கொடுத்தாராம். வாயில் நுழையாத பேராக இருக்கிறதே என்று நினைத்தேன். விதைத்துப் பார்த்தால், நல்ல காய்ப்பு. புளிப்பும் சதையும் அளவாக இருந்தன. குறை ஒன்றுதான். எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்து, தெருவுக்கே கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. சாக்கடை ஓரத்தில் யாரும் விதைக்காமலே முளைத்த கோலிக்குண்டு அளவு தக்காளியைக்கூட அவர் பிடுங்கவிடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா, தண்ணி கேக்குதா, எரு கேக்குதா?" என்பார். அதற்கு எலுமிச்சை மஞ்சள் நூல்.

பயணிகள் அவருக்குத் 'தக்காளி டிரைவர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்த வண்டியின் கண்டக்டர் எங்களைவிட நாலைந்து வயது சின்னவர். வாய் ஓயாத மனிதர். "அண்ணி, நேத்து ஆற்காட்ல அஞ்சு நிமிஷம் வண்டி நின்னுது. டயர் பஞ்சர்னு நெனச்சிக்கினு ஜனங்க எறங்கிட்டாங்க. பாத்தா அண்ணன் ஒரு வீட்டு வாசல்ல செடி பாத்துக்கினு நிக்கறாரு" என்று வந்து கோள் சொல்வார். அவர் சொல்வதில் பாதி பொய் என்று தெரிந்தேதான் சிரிப்போம்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அதற்கடுத்த ஐப்பசியில் விபத்து நடந்தது.

வாலாஜா தாண்டி, பொழுது சாய்கிற நேரம், நல்ல மழை. அச்சு முறிந்த ஒரு மாட்டு வண்டி விளக்கில்லாமல் ரோட்டிலேயே நின்றிருக்கிறது. மிக அருகில் வந்த பிறகுதான் இவர் கண்ணில் பட்டது. ஒடித்துத் திருப்பியதில் பஸ் கழனியில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. பயணிகளுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். வண்டிக்காரர் தப்பிவிட்டார். பஸ்ஸின் பின்பக்கம் பட்டு ஒரு மாடு மட்டும் செத்துப்போனது. இவருக்கு வலது முழங்கால் முறிந்து, இருக்கையிலிருந்து நகர முடியவில்லை. ஆட்கள் வந்து தூக்கும்வரை, செத்த மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டிக்காரர் மழையில் உட்கார்ந்திருந்ததை இவர் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

விசாரணையில் இவர்மேல் தப்பு இல்லை என்றே சொன்னார்கள். கால் கூடியதும் வேலைக்கு வரலாம் என்று முதலாளியும் சொல்லி அனுப்பினார். மார்கழியில் கட்டுப் பிரித்தார்கள். கொஞ்சம் விந்தி நடந்தாலும் பெடலை மிதிக்க வலு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் இவர் போகவில்லை. நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"கண்ண மூடினா அந்த மாடு நிக்குது. ஸ்டியரிங்ல கைய வச்சா இன்னா ஆவும்னு எனக்கே தெரியல" என்றார்.

நான் வேலை தேட ஆரம்பித்தேன். மறுபாதி அக்கா தங்கள் தறிக்குத் தார் சுற்றுகிற வேலையை, அதாவது ஊடைநூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவதை, எனக்குக் கொடுத்தார். ரவிக்கை தைத்துத் தரக் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். அடுப்பு எரிந்தது. ஆனால் வீடு மட்டும் ஊமை வீடாகிவிட்டது. பஸ் ஹாரன் கேட்டால் அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பும்.

மழையில் தோட்டம் அழுகிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் நான் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு காலை நீட்டி உட்கார்ந்தபடி பழைய செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். மறுநாள் விதைப் புட்டிகளைக் கேட்டு வாங்கினார். தை மாதம் நாற்றுப் பிடுங்கி நட்டார். அவருக்குக் குனிய வராது என்பதால் குழி நான் எடுத்தேன், தண்ணீர் அவர் ஊற்றினார். செடி வளர வளர அதோடு அவரும் எழுந்து நின்றார் என்று கதையாகச் சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. சில நாள் தோட்டத்துக்கே வராமல் கட்டிலில் கிடப்பார். ஆனால் பங்குனியில் நாட்டுத் தக்காளியில் முதல் பழம் சிவந்தபோது, அதைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "ரசம் வை" என்றார். அன்றைக்கு இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

கண்டக்டர் வாரம் தவறாமல் வருவார். விபத்துக்குப் பிறகு முதலாளி அவரை மாகறல் போகிற சின்ன வண்டிக்கு மாற்றிவிட்டிருந்தார். வந்தால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பாத்தி ஓரம் குந்திக்கொண்டு இலை சுருண்டிருக்கிறது, புழு விழுந்திருக்கிறது என்று தக்காளிக் கதைதான்.

சித்திரை வந்தது. வெயிலில் மணல் கொதித்தது. பெங்களூர்ச் செடிதான் முதலில் கருகியது, பூ எல்லாம் பிஞ்சு விடாமலே உதிர்ந்தன. பிறகு பூசா ரூபி. நாட்டுச் செடி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. இவர் முகம் மறுபடி இருட்ட ஆரம்பித்தது. அந்த சமயத்தில்தான் ஒரு நாள் கண்டக்டர் வந்து சொன்னார்.

"அண்ணே, மாகறல்ல கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு வீடு. கெணத்தடியில தக்காளி வச்சிக்கினு இருக்காங்க. இந்த வெயில்ல கொத்துக் கொத்தா காய்ச்சித் தொங்குது. பழம் செவப்பு இல்ல, ஆரஞ்சுக் கலரு."

இவர் நிமிர்ந்தார். "சித்திரையில காய்க்குதா?"

"என் கண்ணால பாத்தேன்."

"ஒரு பழம் வாங்கியாறதுதானே?"

"கேட்டேனே. அந்த வீட்டம்மா, வளக்கறவங்க நேர்ல வந்தாத்தான் குடுப்பேன், கண்டவங்க கையில குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அந்த வாரம் முழுக்க இவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறம் என்றால் தோல் எப்படி இருக்கும், கிணற்றடி ஈரம் என்பதால் காய்க்கிறதா அல்லது சாதியே அப்படியா என்று தானாகப் பேசிக்கொள்வார். கடைசியில் ஒரு காலை, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு, மாகறல் போய்ட்டு வரலாம்" என்றார். மாகறலுக்கு அந்தக் காலோடு நடந்து போக முடியாது. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 

பஸ் ஸ்டாண்டில் வண்டி தயாராக நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து முன்சீட்டைத் துடைத்தார். நான் ஏறிவிட்டேன். இவர் ஒரு காலைப் படியில் வைத்தார். கம்பியைப் பிடித்தபடி டிரைவர் சீட்டைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. காலைக் கீழே எடுத்துவிட்டார். நான் இறங்கிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"அடுத்ததுல வர்றோம்பா" என்றார்.

கண்டக்டர் தலையாட்டினார். விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். போய்விடலாமா என்று நானே கேட்கவும் வாயெடுத்தேன். அதற்குள் அதே வண்டி மாகறல் போய்விட்டுத் திரும்பிவந்து நின்றது. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நேராகப் போய் ஏறிவிட்டார். எனக்கு முன்னால் ஏறிவிட்டார். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னால் இருந்த சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழி நெடுகக் கண்ணை மூடவில்லை. நான் அவர் முழங்கைமேல் கையை வைத்துக்கொண்டு, ஏதோ பேச வேண்டுமே என்று, அக்கா வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்த கல்யாணச் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்காது.

கண்டக்டர் சொன்ன வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விவசாயக் குடும்பம். வீட்டம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். துவைக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக, கொடி மாதிரி பந்தலில் ஏறியிருந்தது செடி. காய்கள் கொத்துக் கொத்தாக, பழங்கள் நல்ல ஆரஞ்சு நிறத்தில். கண்டக்டர் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

"நேர்ல வந்தாத்தான் குடுப்பேன்னு சொன்னீங்களாமே" என்றேன் நான்.

அந்த அம்மா விழித்தார். "நானா? அந்தக் கண்டக்டர் தம்பி கையில ஒரு கூடை பழம் குடுத்தனுப்பனேன்மா. கால் ஒடிஞ்ச டிரைவர் வீட்டுக்குன்னு சொல்லித்தான் வாங்கினு போச்சு. வரலியா?"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் அவர் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். என்ன ஏது என்று தெரியாமலே அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

பந்தலடியில் முளைத்திருந்த நாற்றைப் பிடுங்க அந்த அம்மா களைக்கொத்து எடுக்கப் போனபோது இவரைக் காணவில்லை. தேடினால் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு ஜோடி உழவு மாடு. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். வெள்ளை மாட்டுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, கையைத் தொங்கவிட்டபடி நின்றார். வைக்கோல் உதறிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், விபத்து சேதி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும், "சாதுதாங்க. தொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இவர் மெல்லக் கையை நீட்டி அதன் நெற்றியில் வைத்தார். மாடு ஒரு மூச்சு விட்டுவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "நாத்து எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிய நாற்றுகளோடு முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கடைசி வரிசைக்குப் போனால் குலுங்கி வேர் உடையும் என்றார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோது, "கூடை எங்கடா?" என்றார்.

"எந்தக் கூடைண்ணே?"

"எங்க வீட்டுக் கூடை."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "என் வீட்டுக்காரி கொழம்பு வச்சிட்டாண்ணே. நல்லா இருந்துது."

ஓரிக்கை வருமுன் ரோடு மோசம். டிரைவர் புது ஆள். வண்டி குலுங்கும்போதெல்லாம் இவர் வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "ரெண்டாவது கியருக்கு வாப்பா. வண்டி அழுவுது, காதுல விழல?" என்றார். அந்த டிரைவர் திரும்பி முறைத்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. ஆனியில் ஒரு நாள் பஸ் ஷெட்டுக்குப் போய் வண்டியை வெறுமனே ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ஷெட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். ஆடியில் மாகறல் வண்டியில் அதே கண்டக்டரோடு வேலைக்குச் சேர்ந்தார். மாட்டு வண்டியைக் கண்டால் இரண்டு பர்லாங்குக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவாராம், பின்னால் வருகிற லாரிக்காரர்கள் திட்டுவார்களாம். "திட்டட்டும்" என்பார். சித்தூர் வண்டியை மறுபடி எடுக்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்திருந்தாள்.

மாகறல் செடி எங்கள் மணலில் அவ்வளவு சுலபமாக வரவில்லை. கொண்டுவந்த நாற்றில் பாதி பட்டுப்போயிற்று. மிச்சத்தைக் குளிக்கிற தண்ணீர் போகிற பக்கம் மாற்றி நட்டோம். அடுத்த சித்திரையில், மற்ற செடிகளெல்லாம் சருகாகக் கிடக்க, அது மட்டும் பச்சையாக நின்று காய்த்தது. பழத்தில் புளிப்பு மட்டாக, இலேசான இனிப்போடு இருக்கும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிக்கு ஈடில்லை, தொக்குக்குப் பெங்களூருக்கு ஈடில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கோடையில் கடையில் தக்காளி அகப்படாத நாட்களில், காலையில் போய் நாலு பழம் பறித்து வர முடிகிறதே, அந்தச் சந்தோஷத்துக்காக வீட்டில் வைக்க வேண்டியது இதுதான்.

பிறகு எங்கள் பக்கம் புது வீடுகள் எழும்பின. மண் நிரப்பி, சுண்ணாம்பு அடித்து, பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள் வேலி ஓரமாக நின்று, "இன்னாங்க இது, இந்த வெயில்ல காய்க்குது?" என்று கேட்பார்கள். அவர் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றுப் பிடுங்கக் குனிவார். முழங்கால் முழுசாக மடங்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் குனிய வரும். "குளிக்கற தண்ணி எந்தப் பக்கம் போவுது, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டுக்கொண்டே அவர்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு அவரே நடந்துவிடுவார்.